சர்க்கரைப் புண் ஆறாதா?

"சர்க்கரை உடம்பு. புண் ஆறாது."

சிந்தாதிரிப்பேட்டையில் மட்டுமல்ல, எந்தப் பேட்டையிலும் இந்தப் பேச்சு காதில் விழும். பேச்சோடு நின்றால் பரவாயில்லை. இதை நம்பி, காலில் புண் வந்தவர் வீட்டோடு கிடக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது விரல் கறுத்துப் போயிருக்கிறது. பிறகு விரலை எடுக்கிறார்கள். சிலருக்குக் காலையே எடுக்கிறார்கள்.

இந்தப் பேச்சு தவறு. காலத்தோடு கவனித்தால் பெரும்பாலான சர்க்கரைப் புண்கள் ஆறும். ஆனால், அதை ஆற்றுவது களிம்பு அல்ல. நம் உடம்பிலேயே இருக்கும் ஒரு படை! அந்தப் படைக்கு நாம் வழிவிட வேண்டும். அங்கேதான் நம் வீடுகளில் கோட்டை விடுகிறார்கள்.

முள்ளும் நட்சத்திர மீனும்

அது என்ன படை?

1882-ம் ஆண்டு. இத்தாலி தேசத்தில் மெசினா என்ற கடற்கரை ஊர். அங்கே எலி மெச்னிகாப் என்ற ரஷிய விஞ்ஞானி தங்கியிருந்தார். நட்சத்திர மீனின் குஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கும். அதன் உடம்புக்குள் நடப்பதை மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம். அவர் தோட்டத்தில் சில முட்களைப் பறித்து வந்து, அந்தக் குஞ்சின் உடம்பில் குத்தி வைத்தார்.

மறுநாள் காலையில் பார்த்தார். முள்ளைச் சுற்றி உயிரணுக்கள் மொய்த்துக் கொண்டிருந்தன! வீட்டுக்குள் திருடன் புகுந்தால் தெருவே திரண்டு வருவதில்லையா? அதைப் போல! இந்த ஆராய்ச்சிக்காக 1908-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் ரத்தத்திலும் அந்தப் படை இருக்கிறது. அதுதான் வெள்ளை அணுக்கள். காலில் முள் குத்தியதும், சில மணி நேரத்தில் முதல் கூட்டம் வந்து சேரும். கிருமிகளை விழுங்கும், விழுங்கிவிட்டுச் சாகும். நாம் முகம் சுளிக்கும் சீழ் இருக்கிறதே, அதில் பெரும்பகுதி இப்படிச் செத்து விழுந்த வீரர்கள்தான்.

அடுத்து வருவது பெரிய அணுக்களின் கூட்டம். இவை முதலில் சண்டை போடும், குப்பையை அள்ளும். பிறகு ஒரு விந்தை நடக்கிறது. சண்டையை நிறுத்திவிட்டுக் கட்டட வேலையில் இறங்குகின்றன! புது ரத்தக் குழாய் முளைக்கவும், புதுச் சதை வளரவும் இவைதான் உத்தரவு கொடுக்கின்றன. நேற்று சிப்பாய், இன்று கொத்தனார்!

சண்டை ஓயவில்லை

சர்க்கரை வியாதிக்காரருக்கும் இந்தப் படை உண்டு. ஆனால், ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடந்தால் முதல் கூட்டம் மெதுவாக வருகிறது. கிருமியைப் பிடிக்கும் பலமும் குறைந்து விடுகிறது. காலுக்குப் போகும் ரத்தக் குழாய் சுருங்கி இருந்தால், படை வந்து சேருவதே கஷ்டம். (விழுங்கிய மாத்திரையும் அதே பாதையில்தான் வர வேண்டும். "எத்தனை மாத்திரை போட்டும் கேட்கவில்லையே" என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.)

அதைவிடப் பெரிய தொல்லை இன்னொன்று. வந்து சேர்ந்த சிப்பாய், கொத்தனாராக மாறுவதில்லை! கிருமி குறைந்த பிறகும் சண்டை ஓய்வதில்லை. அதில் புதிதாக முளைக்கும் சதையும் அழிகிறது. புண் மாதக்கணக்கில் திறந்தே கிடக்கிறது.

வெள்ளை அணுக்களில் சில, தம் உடம்பிலிருந்தே நூலை எடுத்துக் கிருமிகள் மேல் வலை வீசும். மீன் பிடிப்பவர் வீசுவது போலத்தான்! சர்க்கரை வியாதியில் இந்த வலை அளவுக்கு மீறி விழுகிறது. புண் அதற்குள் சிக்கிக்கொண்டு ஆறாமல் நிற்கிறது. அமெரிக்காவில் பாஸ்டன் நகர ஆராய்ச்சியாளர்கள், எலிகளைச் சோதித்து 2015-ல் இதை வெளியிட்டார்கள்.

இப்போது சொல்லுங்கள். இதற்கு மேல் மஞ்சளையும், காபித் தூளையும், சுண்ணாம்பையும் அப்பினால் என்ன ஆகும்? அழுக்கு சேரும், புண் மறையும். அவ்வளவுதான். டாக்டர் செத்த சதையை வெட்டி எடுக்கிறார். "ஐயோ, அறுக்கிறார்களே" என்று அலறுகிறோம். அவர் படைக்குப் பாதை வெட்டுகிறார்! சர்க்கரையைக் குறைத்தால் வெள்ளை அணுக்களின் பலமும் தேறுகிறது. களிம்புக்குச் செலவிடும் கவலையில் பாதியைச் சர்க்கரை அளவின் மேல் வைத்தால் போதும்.

கொல்லிமலையில் பிறந்தவர்

சர்க்கரை நாள்பட்டால் காலில் நரம்பு மரத்துவிடும். வலி தெரியாது. வலி இல்லாததால் அந்தப் புண்ணை மிதித்துக்கொண்டே நடக்கிறோம். ஒவ்வொரு அடியிலும், படை இரவெல்லாம் கட்டிய சுவர் இடிகிறது.

இதைக் கண்டு சொன்னவர்களில் முக்கியமானவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். "குஷ்டரோகியின் சதை அழுகும் சதை, ஆறாது" என்று அந்தக் காலத்தில் எல்லோரும் சொன்னார்கள். அவர் நம்பவில்லை. புண் உள்ள காலுக்கு மாவுக் கட்டுப் போட்டு, அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தார். புண் ஆறியது! மிருதுவான ரப்பர் செருப்புகளைச் செய்ய வைத்தார். 1966-ல் அமெரிக்கா போனார். சர்க்கரைக் காலுக்கும் இதே வழிதான் என்று அங்கே காட்டினார்.

அன்று குஷ்டரோகியைப் பற்றிச் சொன்ன பொய்யைத்தான் இன்று சர்க்கரைக்காரரைப் பற்றிச் சொல்கிறோம்.

சூடான கல்

சிந்தாதிரிப்பேட்டை, 1734-ல் நெசவாளர்களைக் குடியேற்றி உண்டான ஊர். சின்னத் தறிப் பேட்டை என்பதே இப்படி ஆயிற்று என்பார்கள். அன்று கால்கள் தறியில் இருந்தன. இன்று மீன் மார்க்கெட்டின் ஈரத் தரையில் நிற்கின்றன. ஈரத்தில் ஊறிய தோல் சீக்கிரம் கிழியும். அதில் ஒரு செதிலோ முள்ளோ ஏறினால், மரத்த காலுக்குத் தெரியாது.

கோவில் பிரகாரமும் அப்படித்தான். ஆதிகேசவப் பெருமாளும் ஆதிபுரீஸ்வரரும் காலையிலும் மாலையிலும் தரிசனம் தருகிறார்கள். சித்திரை வெயில் உச்சியில் ஏறும் நேரத்தில் வெறுங்காலோடு கல்லில் சுற்றினால், கொப்புளம் எழுந்ததே வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். சர்க்கரைக்காரர் வெயிலுக்கு முன் போகட்டும். சுவாமி கோபிக்க மாட்டார்!

வலி சொல்லாததைக் கண் சொல்ல வேண்டும். தாத்தாவுக்குக் குனிய முடியாவிட்டால், இரவு படுக்கும் முன் பேரனோ மருமகளோ அவர் உள்ளங்காலைப் பார்க்கட்டும். விரல் இடுக்கையும் பார்க்கட்டும். சிவப்போ, கொப்புளமோ, கசிவோ கண்டால் மறுநாளே டாக்டரிடம் போக வேண்டும். கால் ஆணியை வீட்டில் பிளேடால் சீவவே கூடாது. வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். சூடு தெரியாத காலுக்கு அது நெருப்பு!

இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் கணக்கு 2023-ல் வெளிவந்தது. அதன்படி நாட்டில் சர்க்கரை வியாதிக்காரர்கள் சுமார் 10 கோடி பேர். தமிழக அரசு 2021-ல் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கி, மாத்திரையை வீட்டு வாசலுக்கே அனுப்பியது. நல்ல காரியம். மாத்திரை கொண்டு வருகிறவர் யாரானாலும், "காலைக் காட்டுங்கள்" என்று கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மரத்த காலுக்கு ஏற்ற செருப்பையும் மாத்திரையைப் போலவே இலவசமாகக் கொடுக்க வேண்டும். செருப்பும் இங்கே மருந்துதான்.

"காலை ஊன்றாதீர்கள்" என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். தினக் கூலிக்கு நிற்பவர் எப்படி ஊன்றாமல் இருப்பார்? அவர் வீட்டில் உலை எப்படி வைப்பது? கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழக சட்டசபை சட்டம் செய்தது. அந்தச் சட்டம் துணிக்கடையோடு நிற்கக் கூடாது. மீன் வெட்டுகிற இடத்திலும் ஒரு முக்காலி போட வேண்டும். புண் ஆறும்வரை உட்கார்ந்து செய்கிற வேலையை முதலாளி கொடுக்க வேண்டும். கூலியைக் குறைக்காமல்!