பக்கச் சாளரமும் முன்கண்ணாடியும்

பிரித்தானிய நாட்டுப்புறத்தின் ஊடே விரையும் தொடர்வண்டியின் ஓட்டுநர் அறையிலிருந்து எடுக்கப்பட்ட படங்களை மணிக்கணக்கில் பார்த்திருப்போர் நம் குடும்பங்களில் பெருகி வருகின்றனர். அலுவலகம் விட்டு வந்த தந்தை, பணி ஓய்வு பெற்ற பாட்டனார், பள்ளி செல்லும் சிறுவன் என மூன்று தலைமுறையினரும் ஒரே திரையின்முன் அமர்ந்து, இருப்புப்பாதை தம்மை நோக்கி ஓடி வருவதைக் காண்கின்றனர். இதனைப் பழிப்போரும் உளர், புகழ்வோரும் உளர். பழிப்போர் கூற்று பிழை என்பது நம் துணிபு. புகழ்வோர் கூற்று அதனினும் பெரும்பிழை என்பதையும் ஈண்டு நிறுவ விழைகின்றோம்.

பழிப்போர் கூறுவன இரண்டு. ஒன்று, இது வேலையற்றோர் வேலை என்பது. மற்றொன்று, ஆண்டவன் நாட்டைப் பார்த்து அடிமைப்பட்டவன் வாய் பிளக்கும் புத்தி இன்னும் போகவில்லை என்பது. இரண்டாவது குற்றச்சாட்டே கடுமையானது. ஆதலின் அதனை முதற்கண் ஆராய்வோம்.

ஆங்கில நாட்டை நமக்கு இதுகாறும் காட்டியவை எவை? அரண்மனைகளும், பெருநிலக்கிழார்களின் மாளிகைகளும், நாட்காட்டிகளில் அச்சான பசும்புல் வெளிகளுமே. அவை உடையவன் தன் உடைமையைக் காட்டிய காட்சிகள். ஓட்டுநர் அறையின் முன்கண்ணாடி காட்டும் நாடு அதுவன்று. வீடுகளின் முன்வாயிலை அது காட்டுவதில்லை. துணி உலரும் கொல்லைப்புறத்தைக் காட்டுகின்றது. பாறையை வெட்டித் திறந்த வழியையும், மழைநீர் வடியத் தோண்டிய கால்வாயையும், கைவிடப்பட்ட சரக்குக் கொட்டகையையும் காட்டுகின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த இருக்கையில் இருப்பவன் ஆண்டவன் அல்லன், கூலிக்கு உழைப்பவன். உழைப்பாளி ஒருவனின் கண்வழியே ஒரு நாட்டைப் பார்ப்பது அடிமைப் புத்தியாயின், விடுதலைப் புத்தி எது என்பதைப் பழிப்போரே விளக்க வேண்டும்.

இனி, வேலையற்றோர் வேலை என்னும் கூற்று. இக்காட்சி இன்று நேற்றுத் தோன்றியதன்று. திரைப்படம் பிறந்த சில ஆண்டுகளுக்குள்ளாகவே எஞ்சினின் முன்புறத்தில் படக்கருவியைப் பொருத்திப் படமெடுத்தனர். ‘பேய்ப் பயணம்’ என்னும் பொருள்படும் பெயரால் அவை வழங்கின. இழுப்பது எதுவெனத் தெரியாமலே பார்வையாளர் முன்னோக்கி இழுக்கப்பட்டமையால் அப்பெயர் பொருந்திற்று. 1898-இல் டெவன் பகுதியின் இல்ஃபிரகோம் வழித்தடம் இவ்வாறு படமாக்கப்பட்டது. அவ்வழித்தடம் 1970-இல் மூடப்பட்டது. பாதை போயிற்று, படம் நிற்கின்றது. வேலையற்றோர் செய்த வேலையெனில் இத்தகைய சான்று நமக்குக் கிடைத்திருக்குமோ?

புகழ்வோரிடம் வருவோம். “மனத்துக்கு எத்துணை அமைதி! கண்ணுக்கு எத்துணைக் குளிர்ச்சி! உறக்கம் வராத இரவில் இதனைப் போட்டுவிட்டால் போதும்” என்பர். குழந்தைக்குச் சோறூட்டும்போது திரையில் ஓடவிடுவாரும் உளர். சிலர் எஞ்சின் ஒலியை நீக்கிவிட்டு மெல்லிசையைச் சேர்க்கின்றனர். வேறு சிலர் நிலையத்தில் வண்டி நிற்கும் நேரத்தை வெட்டி எறிகின்றனர். விரைவுபடுத்திக் காட்டுவதும் பழைய வழக்கமே. 1953-இல் பிபிசி நிறுவனம் இலண்டனிலிருந்து பிரைட்டன் வரையுள்ள பயணத்தை நான்கே நிமிடங்களில் ஓட்டிக் காட்டியது. வேடிக்கைக்கு அது நன்று. ஆனால் வேடிக்கை வேறு, காட்சி வேறு.

முன்கண்ணாடிக்குப் பின்னே அமைதி என்பது கிடையாது. ஆங்குள்ளவை விழிப்பும் பொறுப்பும் மட்டுமே. பிரித்தானிய வழித்தடங்கள் பெரும்பாலானவற்றில், கைகாட்டிக்குச் சற்று முன்னே தண்டவாளங்களுக்கு நடுவில் காந்தம் பதிக்கப்பட்டிருக்கும். வழி தடையற்றிருப்பின் ஓட்டுநர் அறையில் மணி ஒலிக்கும். எச்சரிக்கை காட்டினால் ஊதல் கதறும். ஓரிரு நொடிகளுக்குள் ஓட்டுநர் பொத்தானை அழுத்தி, ‘கண்டேன்’ என ஒப்புக்கொள்ள வேண்டும். தவறின் வண்டி தானே தடையிட்டு நின்றுவிடும். அழுத்திய பின்னரும், மஞ்சளும் கறுப்புமான வட்டம் ஒன்று எதிரே தோன்றி, ‘நீ எச்சரிக்கப்பட்டாய்’ என நினைவூட்டிக்கொண்டே இருக்கும். கோப்பினைப் படித்தமைக்கு அடையாளமாகச் சுருக்கொப்பம் இடும் எழுத்தர் குலத்தைச் சேர்ந்த நமக்கு இதன் அருமை எளிதிற் புலனாகும். நம் சுருக்கொப்பம் ஒரு நாள் தாமதித்தால் கோப்பு மேசையில் கிடக்கும். அவர் ஒப்புதல் மூன்று நொடி தாமதித்தால் வண்டியே நின்றுவிடும்.

இன்னும் ஒன்று. அந்நாட்டில் வண்டியை இயக்கத் தெரிந்தவர் எல்லாம் எல்லா வழியிலும் ஓட்டிவிட இயலாது. ஒவ்வொரு வழித்தடத்தையும் தனித்தனியே கற்று, ‘இவ்வழியை நான் அறிவேன்’ எனக் கையொப்பமிட்ட பின்னரே அத்தடத்தில் ஓட்டலாம். ஏற்றம் எங்கே, இறக்கம் எங்கே, பனிமூட்டத்தில் எந்த மரம் கடந்ததும் தடையிட வேண்டும் என்பவை அவர் நெஞ்சில் எழுதப்பட்டவை. நாட்டுப்புறத்தை அவர் அழகென்று பார்ப்பதில்லை, அடையாளமென்று பார்க்கின்றார். இவ்வளவும் நிகழும் காட்சியைத் தாலாட்டாக்கி, இசை பூசி, ஓசை நீக்கிப் பார்ப்பது, தச்சன் இழைப்புளி பிடிப்பதை வெறும் கைவீச்சு என்று ரசிப்பதற்கு ஒப்பாகும்.

இங்கிலாந்தின் வடபகுதியில் செட்டில், கார்லைல் என்னும் ஊர்களை இணைக்கும் வழித்தடத்தை எடுத்துக்கொள்வோம். இதன் ஓட்டுநர் அறைப் படங்களைக் காணாத இரயில் அன்பர் அரியர். 1869-இல் பணி தொடங்கி 1876-இல் பயணிகளுக்குத் திறக்கப்பட்ட இப்பாதை, ஏறத்தாழ 117 கிலோமீட்டர் நீளமுடையது. ரிபிள்ஹெட் என்னுமிடத்தில் 24 வளைவுகளுடன், 32 மீட்டர் உயரத்தில், சுமார் 400 மீட்டர் நீளத்துக்கு ஒரு பாலம் நிற்கின்றது. ஒவ்வோர் ஆறாவது தூணும் பிறவற்றினும் பருத்தது. ஒரு வளைவு வீழ்ந்தாலும் பாலம் முழுதும் சரியாமல், ஆறு வளைவுகளோடு அழிவு நிற்க வேண்டும் என்று கருதி அவ்வாறு கட்டினர். பணியின்போது அந்தப் பாழ்வெளியில் மண்வெட்டித் தொழிலாளர் குடும்பத்தோடு குடிசையமைத்து வாழ்ந்தனர். விபத்திலும் அம்மை நோயிலும் மாண்டனர். அருகிலுள்ள சேப்பல்-லெ-டேல் என்னும் சிற்றூரின் தேவாலயத்தில் மாண்டோர்க்கு நினைவுக்கல் உண்டு.

முன்கண்ணாடி வழியே பார்க்கும்போது இப்பாலம் தெரிவதே இல்லை! கீழிருந்து எடுத்த நிழற்படங்களில்தான் வளைவுகள் விரிகின்றன. ஓட்டுநர் காண்பது ஒற்றைத் தண்டவாளப் பாதையும், இருபுறமும் தாழ்ந்த கைப்பிடிச் சுவரும், எதிரே மேகமுமே. பிறர் உழைப்பின்மீது நாம் செல்லும்போது அவ்வுழைப்பு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை என்னும் உண்மையை இதனினும் நன்றாக எந்நூல் கற்பிக்கும்? தெரியாததை அறிந்து பார்ப்பவனே இப்படத்தைப் பார்த்தவன் ஆவான்.

அந்நாட்டின் இரயில்கள் 1948-இல் அரசுடைமையாயின. 1963-இல் ரிச்சர்ட் பீச்சிங் அளித்த அறிக்கை, 2,363 நிலையங்களையும் ஏறத்தாழ 5,000 மைல் பாதையையும் மூடப் பரிந்துரைத்தது. வரவு செலவுக் கணக்குச் சொன்ன தீர்ப்பு அது. கணக்கேடு பொய் சொல்லியதென்று நாம் கூறவில்லை. அது கேட்காத கேள்விகள் உண்டு என்கின்றோம். சந்தைக்குச் செல்லும் கிழவிக்கும் கல்லூரிக்குச் செல்லும் மாணவனுக்கும் அக்கணக்கேட்டில் பத்தி இல்லை. செட்டில்–கார்லைல் பாதையிலும் 1970-இல் செட்டில், ஆப்பிள்பி ஆகிய இரண்டையும் தவிர இடைநிலையங்கள் எல்லாம் மூடப்பட்டன. 1980-களில், பாலத்தைப் பழுதுபார்க்கும் செலவைக் காரணம் காட்டிப் பாதையையே மூட முற்பட்டனர். 22,000-க்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் குவிந்தன. அவற்றுள் ஒன்று ரஸ்வார்ப் என்னும் நாயின் பாதச்சுவடு! அந்நாயும் கட்டணம் செலுத்திய பயணியே என்பதால் அதன் ஆட்சேபமும் ஏற்கப்பட்டது. கார்ஸ்டேல் நிலையத்தில் இன்று அதற்குச் சிலை உண்டு. 1986-இல் எட்டு நிலையங்கள் மீண்டும் திறக்கப்பட்டன. 1989 ஏப்ரலில் மூடும் திட்டத்தை அரசு கைவிட்டது. பாலமும் முன்னர் மதிப்பிட்டதைவிடக் குறைந்த செலவில் சீராயிற்று.

ஆகவே நம் வீட்டுத் திரையில் இப்பாதை ஓடுகின்றதென்றால், அது இயற்கை அளித்த கொடையன்று. மாண்டோர் அமைத்து, மக்கள் மனு எழுதிக் காத்த பாதை அது. அதனைத் ‘தூக்க மருந்து’ என்பது அவ்விரு திறத்தாரையும் அவமதிப்பதாகும்.

பிறந்த மண்ணைவிட்டுத் தொலைவில் வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நமக்கு இருப்புப்பாதை பொழுதுபோக்கன்று. ஊரோடு நம்மைக் கட்டிய கயிறு. தலைநகரிலிருந்து சென்னைக்கு இரண்டு இரவும் ஒரு பகலும் செல்லும் வண்டியில், பக்கச் சாளரத்தின் வழியே நாம் கண்டதெல்லாம் பின்னோக்கி ஓடிய மரங்களையே. முன்னே ஒருவர் விழித்திருந்தார் என்பதை எண்ணினோமா? இன்று நம் பிள்ளைகள் அவ்வழியையும் விட்டு வானூர்தியில் பறக்கின்றனர். அவர்களுக்கு இடைவழி என்பதே இல்லை. அவர்கள் கையில் இத்தகைய படம் ஒன்று கிடைக்குமாயின் அதனை வீணாக்கலாகாது.

எனவே பெற்றோர்க்கு நாம் கூறுவது இதுவே: படத்தைப் பாருங்கள், பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள். இசையை நிறுத்தி எஞ்சினின் ஒலியைக் கேளுங்கள். மணி ஒலித்ததா, ஊதல் ஒலித்ததா எனக் கேட்கச் சொல்லுங்கள். வண்டி நிலையத்தில் நின்றால் நீங்களும் காத்திருங்கள். அடுத்த முறை ஊருக்குப் புறப்படும்போது, நம் வண்டியின் எஞ்சினருகே பிள்ளையை அழைத்துச் சென்று, இரவெல்லாம் விழித்திருக்கப் போகும் மனிதரைக் காட்டி வணங்கச் செய்யுங்கள். அயல்நாட்டுப் பாதையைப் பார்த்ததன் பயன் அன்றே கைகூடும்.