வீதி விபத்தும் நட்டஈட்டு உரிமையும்

வன்னி மக்களுக்கு மோட்டார் சைக்கிள் ஓர் ஆடம்பரப் பொருளன்று. வயலுக்கு உரப்பை ஏற்றுவதும், நந்திக்கடலிற் பட்ட மீனைச் சந்தையிற் சேர்ப்பதும், பிள்ளைகளைப் பாடசாலை வாயிலில் இறக்கிவிடுவதும் அதுவே. 1990 ஆம் ஆண்டின் பின் எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்தில் சில துளி பெற்றோலால் அதனை உயிர்ப்பித்து மண்ணெண்ணெயால் ஓட்டப் பழகிய மக்கள் நாம். 2009 ஆம் ஆண்டுக்குப் பின் கண்டி வீதி செப்பனிடப்பெற்று அகன்றது. தவணைப் பணத்துக்கு வண்டி கொடுக்கும் கம்பனிகளும் கூடவே வந்தன. இன்று ஓமந்தையிலிருந்து பரந்தன் வரை முறிகண்டிப் பிள்ளையார் ஒருவருக்காகவன்றி வேறெவருக்காகவும் வேகத்தைக் குறைக்க நம்மவர்க்கு மனம் வருவதில்லை.

இலங்கையில் ஆண்டுதோறும் வீதி விபத்துகளில் 2,000 பேருக்கு மேல் மாள்கின்றனர். அவர்களுள் மோட்டார் சைக்கிளிற் சென்றோரே பெருந்தொகையினர். பின்விளக்கில்லாத உழவு இயந்திரம், நடுவீதியிற் படுத்திருக்கும் மாடு, தலைக்கவசத்தைக் கைப்பிடியில் தொங்கவிட்டுச் செல்லும் இளைஞர் என விபத்துக்குரிய காரணங்களைப் பலரும் பலகாலும் எடுத்துரைத்துவிட்டனர். நாம் ஈண்டு எழுதப் புகுந்தது விபத்தின் பின் நிகழ்வதைப் பற்றியாகும்.

பெரும்பாலும் நிகழ்வது இதுதான். அடிபட்டவர் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ வைத்தியசாலையில் விடப்படுகின்றார். காயம் கடியதாயின் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்படுகின்றார். அவர் கட்டிலிற் கிடக்கும்போதே இருபகுதி உறவினரும் பொலிஸ் நிலையத்திற் சந்திக்கின்றனர். ஊர்ப்பெரியவர் ஒருவர் நடுவே நிற்கின்றார். அடித்தவனும் நம்மவன், அடிபட்டவனும் நம்மவன், கோடேறி என்ன பயன் என்கின்றார். ஒரு சிறுதொகை கைமாறுகின்றது. "இதன்பின் எவ்வித உரிமையும் கோரமாட்டோம்" என்றொரு கடதாசியில் மனைவியோ தகப்பனோ ஒப்பமிடுகின்றார். கால் சரிவரப் பொருந்தவில்லை என்பது ஆறு மாதத்தின் பின்னரே தெரியவருகின்றது. அப்பொழுது அந்தக் கடதாசியே அவருக்கு எதிர்ச்சாட்சி.

சமாதானத்தை நாம் பழிக்கவில்லை. அயலவர் பகையின்றி வாழ்தல் வேண்டும் என்பது நல்ல எண்ணமே. ஆயின் அவ்வெண்ணத்தின் அடியில் ஒரு பெருந்தவறு கிடக்கின்றது. நட்டஈடு அயலவனின் வீட்டுப் பணப்பெட்டியிலிருந்து வரவேண்டும் என்று நம்மவர் எண்ணுகின்றனர். 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டம், பிறருக்கு நேரும் உயிர்ச்சேதத்துக்கும் காயத்துக்கும் எதிராக வாகனங்கள் காப்புறுதி செய்யப்பட வேண்டுமென விதிக்கின்றது. பிரித்தானியாவில் இவ்விதி 1930 ஆம் ஆண்டே ஏற்பட்டது. காப்புறுதிச் சான்றிதழின்றி வண்டிக்கு வருமான அனுமதிப்பத்திரமும் கிடையாது. ஆகவே, அயலவன் ஆண்டுதோறும் கட்டிய பணம் இத்தகைய ஒரு நாளுக்கென்றே கட்டப்பட்டது. அதனைக் கேட்பது அவனது குடியைக் கெடுப்பதாகாது. கேளாதுவிடின் இலாபம் அடைவது கம்பனியேயன்றி அவனல்லன்.

இன்னொரு மயக்கமும் உண்டு. நீதவான் நீதிமன்றத்தில் ஓட்டுநர் குற்றத்தை ஏற்றுத் தண்டப்பணம் செலுத்தியதும் காரியம் முடிந்ததென்று பலர் வீடு திரும்பிவிடுகின்றனர். அத்தண்டப்பணம் அரசுக்குரியது. நீதவான் காயமுற்றவருக்குச் சிறிது பணம் கொடுக்குமாறு கட்டளையிடினும், இழந்த உழைப்பும் வருங்காலமும் அங்கே கணக்கிடப்படுவதில்லை. அதற்குரிய இடம் மாவட்ட நீதிமன்றம். அங்கு ஆளுவது உரோம டச்சுச் சட்டம். கிறிஸ்துவுக்கு முன் 3 ஆம் நூற்றாண்டில் உரோமாபுரியில் இயற்றப்பட்ட அக்குவிலிய சட்டத்தின் வழிவந்த உரிமையைக் கொண்டே முழங்காவிலில் கால் முறிந்தவரும் வழக்காட வேண்டியிருப்பது நினைக்க வியப்பாகும். மருத்துவச் செலவு, உழைப்பிழப்பு, இனி உழைக்க இயலாத காலத்துக்குரிய இழப்பு, உடல் நோவு, அங்கவீனத்தால் நேர்ந்த வாழ்க்கைக் குறை ஆகிய யாவற்றையும் கோரலாம். தம்மிடத்திலும் சிறிது பிழை இருந்தது என்று அஞ்சி ஒதுங்க வேண்டியதுமில்லை. 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, காயமுற்றவரின் பிழையளவுக்கு நட்டஈடு குறையுமேயன்றி வழக்கு அழிந்துபோவதில்லை.

மோதியது அரசுக்குரிய வாகனமாயின், படையினரின் வாகனமாயினும் கூட, வழி அடைபட்டுவிடவில்லை. முன்னாளில் முடிக்கு எதிராக இவ்வாறு வழக்கிடல் இயலாதிருந்தது. 1969 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம் அத்தடையை நீக்கிற்று. சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்தல் வேண்டும். மோதியவன் நில்லாது ஓடிவிடினும், வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையின் நிதியிலிருந்து ஒரு தொகை பெற இடமுண்டு. நம் கிராமங்களில் இதனை அறிந்தோர் மிகச் சிலர்.

இத்தனை இருந்தும் உரிமை கைநழுவுவது நாட்கணக்கினால். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம், உடலுக்கு நேர்ந்த தீங்குக்கான வழக்கை இரண்டு ஆண்டுகளுள் தொடுத்துவிட வேண்டும் என்கின்றது. தொடை எலும்பு முறிந்தவர் சத்திரசிகிச்சை முடிந்து, ஊன்றுகோல் பிடித்து நடந்து, உள்ளே வைத்த தகட்டை எடுப்பதா விடுவதா என்று வைத்தியர் சொல்லும் வரை காத்திருந்தால் அவ்விரண்டு ஆண்டுகளும் கழிந்துவிடும். பின் எந்தச் சட்டத்தரணியாலும் பயனில்லை. காப்புறுதிக் கம்பனியைப் பற்றியும் ஒரு விதியுண்டு: வழக்குத் தொடுக்குமுன்போ, தொடுத்து ஏழு நாட்களுள்ளோ கம்பனிக்கு அறிவித்தல் கொடுக்கப்படாவிடின், வென்ற தீர்ப்பின் பணத்தைக் கம்பனியிடம் அறவிட முடியாது.

போர்க்காலத்தில் நீதிமன்றத்தை நாட இயலாதிருந்தோருக்கென 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறிற்று. 1983 மே 1 ஆம் திகதி முதல் 2009 மே 18 ஆம் திகதி வரையுள்ள காலத்தைக் காலவிதிப்பிற் சேர்த்தெண்ணலாகாது என்பது அதன் சாரம். நன்று. ஆயின் அது காணி முதலிய அசையாச் சொத்துக்கு மாத்திரம் உரியது. அதே ஆண்டுகளில் அதே வன்னியில் வாகனம் மோதி ஊனமுற்றவருக்கு அச்சலுகை இல்லை. காணியை இழந்தவனுக்கு இரங்கிய சட்டம் காலை இழந்தவனுக்கு ஏன் இரங்கவில்லை என்று நம் பிரதிநிதிகளுள் எவரேனும் அவையில் எழுந்து கேட்டிருத்தல் வேண்டும்.

நீரிணைக்கு அப்பால் நிலைமை வேறு. இந்தியாவில் 1956 ஆம் ஆண்டின் திருத்தத்தினால் விபத்து நட்டஈட்டுக்கெனத் தனித் தீர்ப்பாயங்கள் அமைக்க வழி பிறந்தது. தமிழ்நாட்டில் காயமுற்ற கூலியாள் தாம் வசிக்கும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலேயே விண்ணப்பிக்கலாம். 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, எவர் பிழை என்று நிறுவாமலே உயிரிழப்புக்கு 5 இலட்சமும் கடுங்காயத்துக்கு 2½ இலட்சமும் இந்திய ரூபா பெறலாம். அதே திருத்தம் விண்ணப்பத்துக்கு ஆறு மாத எல்லையையும் புகுத்தியது. அப்பகுதியை நாம் பின்பற்ற வேண்டா. நியூசிலாந்து 1974 ஆம் ஆண்டு முதல் வழக்கையே விலக்கி, விபத்துற்ற எவர்க்கும் பொதுநிதியிலிருந்து வழங்கி வருகின்றது. நம் நாட்டின் நிதிநிலைக்கு அது எட்டாத கனியாயிருக்கலாம். ஆயின் மாவட்டந்தோறும் ஒரு தீர்ப்பாயம் என்பது எட்டாததன்று. காலவரையறையை ஐந்தாண்டாக நீட்டுவதற்கோ ஒரு சதமும் செலவில்லை.

அதுவரை என்செய்வது? வன்னியிற் காயமுறுவோருட் பலருக்குச் சம்பளச் சீட்டு இல்லை. கமக்காரர், கடற்றொழிலாளர், நாட்கூலிகள் ஆகியோர் தம் வருமானத்தை நிறுவ முடியாமையாலேயே குறைந்த தொகை பெறுகின்றனர். நெல் விற்ற பற்றுச்சீட்டு, கடற்றொழிலாளர் சங்கத்தின் கணக்கு, கிராம அலுவலரின் கடிதம் ஆகியன அப்பொழுது பொன்னுக்கு நிகராகும். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, வாகனப் பரிசோதகரின் அறிக்கை, சட்ட வைத்திய அறிக்கை, மோதிய வண்டியின் காப்புறுதிச் சான்றிதழின் இலக்கம் என்பவற்றை முதல் வாரத்திலேயே தேடுதல் வேண்டும். பணமில்லாதோர்க்கு 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. ஆயின் அதன் வாயிலுக்கு அழைத்துச் செல்வார் யார்?

இங்கேதான் நம் கல்லூரியின் பழைய மாணவரை நாம் வேண்டுகின்றோம். விழாவுக்கு வளைவும் மின்விளக்கும் வைக்கத் திரட்டும் நிதியில் ஒரு சிறுபங்கு போதும். நம்முட் சட்டத்தரணிகளாயிருப்போர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை கல்லூரி மண்டபத்தில் இருந்து வருவோரின் கடதாசிகளைப் பார்த்துக் கொடுக்கட்டும். வைத்தியர்களாயிருப்போர், நோயாளி வீடு செல்லும்போது நோய்நிர்ணய அட்டையைப் பத்திரப்படுத்தும்படி ஒரு வாக்கியம் சொல்லட்டும். உயர்தர வகுப்பு மாணவர் கையிலுள்ள தொலைபேசி, விழுந்தவரின் படத்தை ஊரெங்கும் அனுப்புவதை விடுத்து, வண்டிகள் கிடந்த இடத்தையும் தடம் பதிந்த வீதியையும் படம்பிடித்து வைக்கட்டும். ஒரு விபத்துப் பதிவுப் படிவத்தை அச்சிட்டு ஒவ்வொரு வகுப்பாசிரியரிடமும் வைத்தல் வேண்டும். அதன் முதல் வரியில் இரண்டு திகதிகளுக்கு இடம்விடுக: விபத்து நிகழ்ந்த நாள், அதிலிருந்து இரண்டு ஆண்டுகள் நிறையும் நாள்.