கைபடாத எஞ்சினியர்கள்

காஞ்சிபுரத்தில் ஒரு மாடல் விமானத்தை பைக்கின் பின்சீட்டில் கட்டிக்கொண்டு போனால் சிக்னலுக்கு சிக்னல் ஒரே கேள்விதான். "ட்ரோனா ப்ரோ?" இல்லை என்றால், "கல்யாணத்துக்கு வீடியோ எடுப்பீங்களா?" அதுவும் இல்லை என்றால் கேட்டவரின் முகம் மாறிவிடும். "ஓ, சும்மா விளையாட்டுக்கா." இப்படிக் கேட்பவர்களில் பாதிப்பேர் என்னைப் போலவே பி.இ. படித்தவர்கள். அதே தெருவில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பழைய நெசவாளி ஒருவர் மட்டும் கிட்ட வந்து, இறக்கையைத் தட்டிப் பார்த்து, "என்ன கட்டை இது, இவ்ளோ லேசா இருக்கு? எதுல ஒட்னே?" என்று கேட்பார். ஊரில் நான் கேட்ட உருப்படியான எஞ்சினியரிங் கேள்வி இதுதான். கேட்டவர் எட்டாம் வகுப்பு.

அந்த 'சும்மா' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

முதலில் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். லேசரில் வெட்டிய பால்சா மரத் தகடுகள், இரண்டு மூன்று ப்ளைவுட் துண்டுகள், ஓர் அளவுப்படம். அவ்வளவுதான். மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி., நான்கு சின்ன சர்வோ, லிப்போ பேட்டரி, ரேடியோ எல்லாம் தனியாக வாங்க வேண்டும். பால்சா பெரும்பாலும் ஈக்வடாரிலிருந்து வருவது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும். ஆனால் நார் ஓடும் திசையில் வளைக்கப் பார்த்தால் எதிர்த்து நிற்கும். படத்தை மேஜையில் விரித்து, பசை ஒட்டாமலிருக்க மேலே பாலிதீன் தாள் போட்டு, குண்டூசி குத்தி, இறக்கையின் விலாக்களை ஒவ்வொன்றாக நிறுத்தி ஒட்ட வேண்டும். பாதி இறக்கைக்கு எனக்கு நான்கு ராத்திரி ஆனது. ஆபீஸ் கால் முடிந்து பத்தரை மணிக்குமேல் உட்கார்வேன். பெவிக்விக் பத்து விநாடியில் இறுகிவிடும், அதற்குள் விலா செங்குத்தாக நிற்கிறதா என்று கண் சொல்ல வேண்டும்.

ஒட்டி முடித்த இறக்கையை வாலின் பக்கமிருந்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தால் முறுக்கு தெரியும். இரண்டு டிகிரி முறுக்கு இருந்தாலும் விமானம் எந்நேரமும் ஒரு பக்கமாகச் சாயப் பார்க்கும். மேலே போர்த்தும் பிளாஸ்டிக் படலத்தை இஸ்திரிப்பெட்டி வைத்து இழுக்கும்போது அந்த முறுக்கைச் சரிசெய்யலாம், புதிதாக உண்டாக்கவும் செய்யலாம். பிறகு எடைமையம். இறக்கைக்கு அடியில், முன்விளிம்பிலிருந்து அகலத்தில் கால்பங்குக்குச் சற்றுப் பின்னால், இரண்டு விரல்களை வைத்துத் தூக்கினால் விமானம் மட்டமாக நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே தள்ளு. இதைச் சரிபார்க்காமல் எறிந்தால் மூக்கு மேலே ஏறும், வேகம் விழும், இறக்கை காற்றை விட்டுவிடும், மூன்று விநாடியில் எல்லாம் முடிந்துவிடும். கோடில் தப்பு செய்தால் கம்பைலர் எந்த வரி என்று சொல்லும். இங்கே நீதான் சிதறிய கட்டைகளைப் பொறுக்கி, எது முதலில் உடைந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

பறக்கவிடும்போது இன்னொன்று. விமானம் உன்னை விட்டு விலகிப் போகும்வரை உன் இடதுதான் அதன் இடது. திரும்பி உன்னை நோக்கி வர ஆரம்பித்தால் எல்லாம் தலைகீழ். குச்சியை இடப்பக்கம் தள்ளினால் அது உன் வலப்பக்கம் சாயும். எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளு, நிமிர்ந்துவிடும் என்று சொல்லிக் கொடுப்பார்கள். ஒரே வாக்கியம்தான். அது மூளையிலிருந்து கட்டைவிரலுக்கு இறங்க எனக்கு இரண்டு மாதம் ஆனது.

இப்போது சொல்லுங்கள், நான்கு வருஷம் படித்த மெக்கானிக்கல் எஞ்சினியரிங்கில் இதில் எது இருந்தது? இறக்கையின் குறுக்குவெட்டை வரைந்திருக்கிறேன், பெர்னோலி சமன்பாட்டை எழுதியிருக்கிறேன், பதினாறு மார்க் கேள்விக்கு எத்தனை பக்கம் நிரப்ப வேண்டும் என்பது தெரியும். காற்றுச் சுரங்கம் ஒன்று காலேஜில் இருந்தது. இன்ஸ்பெக்‌ஷன் கமிட்டி வரும் நாளில் அதன் அறையைத் திறப்பார்கள், துடைப்பார்கள், திரும்பப் பூட்டுவார்கள். கடைசி வருஷ ப்ராஜெக்டை வகுப்பில் பலர் சென்னையில் காசு கொடுத்து வாங்கினார்கள். ரிப்போர்ட், ஸ்பைரல் பைண்டிங், வைவாவில் சொல்ல வேண்டிய பத்து பதில்கள் உட்பட ஒரே பேக்கேஜ். இதை யாரும் ஒளித்துச் செய்யவில்லை. இப்போது அதே கடைகளில் ட்ரோனும் பேக்கேஜாகக் கிடைக்கிறது.

இது சோம்பேறித்தனம் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. கையால் செய்கிறவன் கூலிக்காரன், உட்கார்ந்து எழுதுகிறவன் ஆபீசர் என்று நம் வீடுகளில் பால் புகட்டும்போதே புகட்டிவிடுகிறார்கள். அதற்குச் சாதியின் பழைய காரணங்கள் உண்டு. யார் தொட வேண்டும், யார் தொடாமல் கணக்கு மட்டும் பார்க்க வேண்டும் என்ற பிரிவினையை எஞ்சினியரிங் காலேஜ் உடைக்கும் என்று நம்பினோம். அது அந்தப் பிரிவினைக்கு டிகிரி கொடுத்தது.

நான் பிறந்தது பிள்ளையார்பாளையத்துத் தறி வீட்டில். கோர்வைச் சேலை என்றால் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓடும், கரையும் உடலும் சேரும் இடத்தில் ஒவ்வொரு இழையையும் கோத்துக் கொடுக்க வேண்டும். ஒரு ஆளால் ஆகாது, பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். என் அப்பா பத்து வயதில் அந்த இன்னொருவர். பாவின் இறுக்கம் ஒரு ஓரத்தில் கூடினால் தாத்தா துணியைப் பார்த்துக் கண்டுபிடிக்க மாட்டார், தறியின் சத்தத்தில் கண்டுபிடிப்பார். தலைக்கு மேல் ஜக்கார்டு பெட்டியில் அட்டைகள் தொங்கும். துளை இருந்தால் இழை தூக்கும், இல்லையென்றால் தூக்காது. 1804இல் பிரான்சில் வந்த அந்தத் துளை அட்டையைத்தான் பாபேஜ் தன் கணக்கிடும் இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார் என்று கம்ப்யூட்டர் வகுப்பில் சொல்லித் தந்தார்கள். எங்கள் வீட்டுக் கூரையில் தொங்குவதும் அதுதான் என்று சொல்லித்தர யாருக்கும் தோன்றவில்லை.

உடனே 'பாரம்பரியம்', 'கைத்தறியின் ஆன்மா' என்று கிளம்பி வந்துவிடாதீர்கள். குழித்தறியில் முப்பது வருஷம் உட்கார்ந்தவரின் முட்டியையும் முதுகையும் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள். அப்பா என்னைத் தறியில் உட்காரவிடாதது சரி. பத்து வயதில் தான் இழந்த பள்ளிக்கூடத்தை எனக்குக் கொடுத்தார். ஆனால் தறியை விட்டு ஓடும்போது கையையும் அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டோம். இழுவிசை, சமநிலை, முறுக்கு எல்லாம் தாத்தாவின் விரலில் இருந்தன. எனக்கு அவை பாடப்புத்தகத்தில் கிரேக்க எழுத்துகளாகத் திரும்பி வந்தன, விரல் இல்லாமல்.

'விளையாட்டுச் சாமான்' என்று இளக்காரமாகச் சொல்கிறவர்களுக்கு: 1878இல் ஓர் அப்பா தன் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுச் சாமான் வாங்கி வந்தார். தக்கை, மூங்கில், காகிதம், ரப்பர் பட்டையில் சுழலும் குட்டி ஹெலிகாப்டர். பிரெஞ்சுக்காரர் பெனோ வடிவமைத்த மாதிரி. அது உடைந்ததும் பிள்ளைகள் தாங்களே இன்னொன்று செய்தார்கள். அந்தப் பிள்ளைகள்தான் வில்பரும் ஆர்வில் ரைட்டும்.

எனக்கு இதைவிடப் பிடித்தது பால் மெக்ரெடியின் கதை. மனிதன் தன் கால்பலத்தில் மட்டும் எட்டு வடிவப் பாதையில் பறந்து காட்ட வேண்டும் என்று 1959இல் பிரிட்டனில் க்ரெமர் பரிசு அறிவித்தார்கள். பதினெட்டு வருஷம் யாராலும் முடியவில்லை. பெரிய குழுக்கள் மாதக்கணக்கில் கணக்குப் போட்டு, அழகாக ஒரு விமானம் கட்டி, அது ஒருமுறை விழுந்தால் திரும்ப மாதக்கணக்கில் கட்டிக்கொண்டிருந்தன. மெக்ரெடி சின்ன வயதில் மாடல் விமானப் போட்டிகளில் ஜெயித்தவர். அவர் குழாய், கம்பி, பிளாஸ்டிக் தாள் கொண்டு, உடைந்தால் சில மணி நேரத்தில் ஒட்டிவிடக்கூடிய ஒன்றைக் கட்டினார். காலையில் விழும், ஒட்டுவார்கள், திரும்பப் பறக்கும். 1977 ஆகஸ்ட் 23, கோசமர் காண்டர் பரிசை வாங்கியது. பதினெட்டு வருஷக் கணக்கை ஜெயித்தது, விழுந்ததை ஒட்டத் தெரிந்த கை.

நம்மூரிலும் கதை இல்லாமல் இல்லை. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் காட்சிக்கு வைத்திருந்த இரண்டு பழைய விமானங்கள்தான் தன்னை அந்தத் துறைக்கு இழுத்தன என்று அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். பின்னால் பெங்களூரில் 'நந்தி' என்ற ஹோவர்கிராஃப்டைச் செய்து அமைச்சர் கிருஷ்ண மேனனையே உட்காரவைத்து ஓட்டினார். அவருடைய பொன்மொழிகளைப் பள்ளிச் சுவரெங்கும் எழுதிவிட்டோம். 'கனவு காணுங்கள்' இருக்கிறது, அரத்தாளும் பசையும் இல்லை. அதே எம்.ஐ.டி.யின் 'தக்‌ஷா' மாணவர் குழு 2018இல் ஆஸ்திரேலியாவில் நடந்த மெடிக்கல் எக்ஸ்பிரஸ் போட்டியில் இரண்டாம் இடம் வந்தது. ஆலோசகர் நடிகர் அஜித் குமார். பல வருஷமாக ரேடியோ விமானம் பறக்கவிடுகிறவர். அவர் பைக் ஓட்டுவதைப் பார்த்து பைக் வாங்கிய ரசிகர்களை எனக்கு நிறையத் தெரியும். பால்சா வாங்கியவர் ஒருவரைக்கூடத் தெரியாது.

ட்ரோனைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நண்பர்கள் கோபிப்பார்கள். அது நல்ல கருவி. ஆனால் குச்சியிலிருந்து கையை எடுத்தால் அது அங்கேயே நிற்கும், ஜி.பி.எஸ். பார்த்துக்கொள்ளும். திறமை முழுக்க எவனோ எழுதிய கோடுக்குள் போய்விட்டது. நானே பிழைப்புக்குக் கோடு எழுதுகிறவன், அதனால் அந்த எவனோவை மதிக்கிறேன். வாங்கிப் பறக்கவிட்டவனை எஞ்சினியர் என்று கூப்பிடத்தான் மாட்டேன்.

'இதெல்லாம் சட்டவிரோதம் ப்ரோ' என்ற பயமும் பாதி வதந்திதான். 2021 ட்ரோன் விதிகள் மாடல் விமானத்தைத் தனியாகவே அடையாளம் காண்கின்றன: 25 கிலோவுக்குள், கல்விக்கோ பொழுதுபோக்குக்கோ, கண்ணுக்கு எட்டும் தூரத்தில் பறப்பது. அதற்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை. வியாபாரம் இல்லாமல் 2 கிலோவுக்குள் பறக்கவிடப் பைலட் சான்றிதழும் தேவையில்லை. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை போகலாம். நம்மூர்க் கணக்கில் ஏகாம்பரநாதர் ராஜகோபுரம் போல் இரண்டு. கிளம்புமுன் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். இது தெரியாமல் ஏரிக்கரையில் வந்து "பர்மிஷன் இருக்கா" என்று கேட்கும் சீருடைக்காரர்களுக்காக விதியை அச்செடுத்துப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

ஆனால் இடம்? வெயில் காலத்தில் காய்ந்த ஏரிப்படுகைதான் எங்கள் ஓடுபாதை. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் என்று 2022இல் அறிவித்தார்கள். ஏகனாபுரம் மக்கள் வயலையும் ஏரியையும் விடமாட்டோம் என்று அன்றிலிருந்து போராடுகிறார்கள். நிலையம் வந்தால் அதன் எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குமேல் 12 வரை 200 அடிதான், ஒற்றை கோபுரம். 8க்குள் இந்தச் சலுகையும் கிடையாது. ஏரியை இழக்கும் விவசாயியின் நஷ்டத்துக்கு முன்னால் என் ஓடுபாதை ஒன்றுமே இல்லை. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. நிலையம் வந்தால் இந்த மாவட்டத்துப் பையன்களுக்கு அங்கே என்ன வேலை கிடைக்கும்? டிராலி தள்ளவா, இறக்கையைத் தொடவா?

பள்ளிகளில் 'ஏரோமாடலிங் ஒர்க்‌ஷாப்' நடக்கிறதே என்பீர்கள். ஒன்றுக்குப் போய்ப் பார்த்தேன். ஏற்கெனவே ஒட்டிய தெர்மோகோல் விமானத்தில் பிள்ளைகள் ஸ்டிக்கர் ஒட்டினார்கள், நடத்த வந்தவர் பறக்கவிட்டார், எல்லோரும் கைதட்டினார்கள், எல்லோருக்கும் சான்றிதழ். ஒரு பெண் மட்டும் "நான் ஒருவாட்டி எறியட்டா சார்?" என்று கேட்டாள். உடைந்துவிடுமாம், விடவில்லை. உடையட்டுமே சார், அதற்குத்தானே வந்தீர்கள்.

செலவைக் காட்டி மடக்குவார்கள். என் முதல் விமானத்துக்கு ரேடியோவையும் சேர்த்துப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். ரேடியோவும் சார்ஜரும் ஒருமுறை வாங்கினால் போதும், பத்து விமானத்துக்கு உழைக்கும். பால்சாவுக்குப் பதில் விளம்பரப் பலகைக்குப் போடும் ஃபோம் ஷீட்டில் கட்டினால் உடம்பின் விலை சில நூறு ரூபாய்தான். வாங்கிய ப்ராஜெக்டுக்கு என் வகுப்பில் நான்கு பேர் சேர்ந்து கொடுத்தது இதைவிட அதிகம்.

அதனால் காலேஜ்களுக்கு என் யோசனை சிம்பிள். ரிப்போர்ட் வேண்டாம், பைண்டிங் வேண்டாம். வைவா அன்று ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு விமானம், இறக்கையை நடுவில் உடைத்துக் கொடுங்கள். கூடவே ஒரு பிளேடு, அரத்தாள், பெவிக்விக். இரண்டு மணி நேரம். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேன்டீனில் டீ குடித்துவிட்டு மைதானத்துக்கு வரட்டும்.