மாத்திரை தோற்றதா, மனுஷன் தோற்றானா?

போன மாதம் இங்கே புனேயில், தெரிந்த நம்மூர்க்காரர் ஒருவர் ரிப்போர்ட்டை நீட்டினார். பல வருடமாக எச்.ஐ.வி.க்கு மாத்திரை சாப்பிடுகிறவர். வைரல் லோடு ஏறியிருந்தது. "ஒழுங்கா சாப்பிடலைன்னு திட்டுறாங்க சார். நான் ஒரு வேளைகூட விடலை" என்றார்.

யார் சொல்வது சரி? இதற்குத்தான் மருந்து எதிர்ப்புச் சோதனை. வைரஸின் மரபணுவைப் படித்து, எங்கே மாறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். எம்184வி என்ற மாற்றம் இருந்தால் லாமிவுடின் வலுவிழக்கும். கே103என் இருந்தால் நெவிரபின், எஃபவிரென்ஸ் இரண்டும் போச்சு. எதுவுமே இல்லையென்றால், பெரும்பாலும் ரத்தத்தில் மருந்து போதவில்லை என்று அர்த்தம். வேளை தவறியிருக்கலாம், டோலுடெக்ராவிரோடு சேர்த்து விழுங்கிய ஆன்டாசிட்கூட அதை உடம்பில் சேரவிடாமல் தடுத்திருக்கலாம்!

டோலுடெக்ராவிருக்கு எதிர்ப்பு அரிது. அதனால் டாக்டர்கள் சந்தேகப்படுவதில் நியாயம் உண்டு. ஆனால் அரிது என்றால் இல்லவே இல்லை என்றாகிவிடுமா? ஆலோசனை சொல்லி, சில மாதம் கழித்துப் பார்த்தும் இறங்கவில்லையென்றால், திட்டுவதை நிறுத்திவிட்டுச் சோதித்துப் பார்க்க வேண்டும். இது என் கட்சி.

சோதனையும் ஜோசியம் இல்லை. மருந்தை நிறுத்திச் சில வாரம் கழித்து ரத்தம் கொடுத்தால், எதிர்ப்பு வைரஸ் பழைய வைரஸ் கூட்டத்தில் ஒளிந்துகொள்ளும். ரிப்போர்ட் சுத்தமாக வரும். அதனால் முன்பு என்னென்ன மருந்து சாப்பிட்டார் என்ற சரித்திரமும் முக்கியம். 2010ல் வந்த எச்.ஐ.வி.-ட்ரெப்ஸ் என்ற கணினிக் கருவி, மரபணு ரிப்போர்ட் இல்லாமலே, வைரல் லோடு, சிடி4, பழைய மருந்துகள் இவற்றை வைத்துப் புது மருந்து எடுபடுமா என்று கணித்தது. அப்படியென்றால் பழைய சீட்டுக்கு எவ்வளவு மதிப்பு, பாருங்கள்.

இலவச மருந்துத் திட்டம் 2004 ஏப்ரல் 1ல் தொடங்கியது. நம்மவர்கள் வேலைக்காக ஊர் ஊராக மாறுகிறார்கள். மாறும்போது மையத்தில் டிரான்ஸ்ஃபர் கடிதம் வாங்குங்கள். பழைய சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள்.

"உங்க பழைய சீட்டெல்லாம் எங்கே?" என்று அவரைக் கேட்டேன். ரூமில் கூட இருப்பவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று பயந்து எரித்துவிட்டாராம்.

அவரை எரிக்க வைத்தது யார்? நாம்தானே...