கட்டடம் கொடுத்தீர்கள், கைச்செலவுக்கு யார் கொடுப்பது?



மௌலானா ஆசாத் பெயரில் சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கு 2009-ல் ஓர் உதவித்தொகை வந்தது. மற்ற உதவித்தொகைகள் இருக்கின்றன, இது இரட்டிப்பு என்று 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் காரணம் சொல்லி, 2022-23 முதல் புதிதாகத் தருவதை நிறுத்திவிட்டார்கள். அநியாயம்தான், கண்டிக்கத்தான் வேண்டும். கண்டித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவதா?

வேறொரு வாசல் திறந்தே கிடக்கிறது. ஒரு பேராசிரியர் தம் ஆய்வுக்கு மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையிடம் பணம் பெற்றால், உதவியாளர் சம்பளத்திற்கென்றே அதில் ஒரு தொகை ஒதுக்குவார்கள். நெட், கேட் தேறிய இளநிலை ஆய்வாளருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. தேறாதவர்களுக்கும் குறைந்த சம்பளத்தில் திட்ட உதவியாளர் இடங்கள் உண்டு. இதற்குச் சிறுபான்மைச் சான்றிதழ் தேவையில்லை. விளம்பரம் பல்கலைக்கழக இணையதளத்தில் ஏதோ ஒரு மூலையில் கிடக்கும். சில நாட்களில் கெடு முடிந்துவிடும். நம் வாலிபர்கள் எத்தனை பேர் அதைத் தேடுகிறார்கள்? துபாய் விசா விளம்பரம் மட்டும் தவறாமல் கண்ணில் படுகிறது!

சேர்ந்த பிறகும் ஒரு சோதனை இருக்கிறது. பணம் தவணையாக வரும். முந்தைய தவணைக்குச் செலவுச் சான்று போய், அடுத்தது வந்து சேர மாதக்கணக்கில் ஆவதுண்டு. அதுவரை விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் யார் கொடுப்பது? வசதியான வீட்டுப் பிள்ளை தாக்குப்பிடிப்பான். பீடி சுற்றும் தாயின் மகன் ஆய்வை விட்டுவிட்டுக் கடை வேலைக்கு வருவான். உங்கள் கடைக்குத்தான் வருவான். மகள் என்றால் அவசரமாக ஒரு மாப்பிள்ளை.

வணிகப் பெருமக்களே! 1919-ல் வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி, 1951-ல் சென்னை புதுக்கல்லூரி, அதே ஆண்டு திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரி. எல்லாம் வியாபாரிகள் முன்னின்று எழுப்பியவை. இன்று உங்களிடம் கேட்பது கட்டடம் அல்ல. கல்வெட்டில் பெயரும் வராது. கேட்பது அழகிய கடன். நியமன உத்தரவைப் பார்த்து, மாதம் பத்தாயிரம் வட்டியில்லாமல் கொடுங்கள். நிலுவை வந்ததும் திருப்பித் தருவான். ஜமாஅத் பிணை நிற்கட்டும். ஆண்டு முழுவதும் கடனுக்குச் சரக்கு எழுதும் உங்களுக்கு இந்தக் கணக்கு புதிதா?

மதரஸாவில் ஓதிய எனக்கு ஆய்வுக்கூடம் தெரியாது. ஆனால் நோட்டீஸ் ஒட்டத் தெரியும். விளம்பரங்களைத் தேடி எடுத்து, ஜும்ஆவுக்கு முன் பள்ளிவாசல் பலகையில் ஒட்டும் பொறுப்பை ஒவ்வொரு மஹல்லாவிலும் படித்த வாலிபர் இருவர் ஏற்கட்டும். கடன் தர முன்வரும் வியாபாரிகள் ரமளானுக்கு முன்பே ஜமாஅத்தில் பெயர் கொடுத்துவிடுங்கள்.