போய்ப் பார்க்காமல் போட்ட கையெழுத்து

பதிவு கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பையன் என்கிறேன், அவன் மகளே இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். சி.டி.எச். ரோட்டுப் பக்கம் அடுக்குமாடியில் ஒரு வீடு பார்த்திருக்கிறானாம். நோட்டீஸை நீட்டி, "சி.எம்.டி.ஏ. அப்ரூவ்டு டீச்சர். பேங்க் லோனும் கிடைக்குமாம். கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம் இல்ல?" என்றான்.

"கண்ணைத் திறந்துகிட்டு வாங்குப்பா" என்றேன். சிரித்துவிட்டுப் போனான். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவனுக்கு முழுதாகச் சொல்லவில்லை. எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

போரூருக்குப் பக்கத்தில் இருக்கும் மௌலிவாக்கத்தை நினைவிருக்கிறதா? 2014 ஜூன் 28, சனிக்கிழமை. மாலை மழை நேரத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. 61 பேர் இறந்தார்கள். ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் மாவட்டங்களிலிருந்தும் கூலி வேலைக்கு வந்தவர்கள். கிட்டத்தட்ட ஒரு வாரம் இடிபாடுகளைத் தோண்டினார்கள். அந்தக் குடியிருப்புக்கு வைத்திருந்த பெயர் ‘டிரஸ்ட் ஹைட்ஸ்’. இரண்டு கட்டடங்களுக்கும் ‘பிலீஃப்’, ‘ஃபெய்த்’ என்று பெயர். மூன்றையும் தமிழில் சொன்னால் நம்பிக்கை, நம்பிக்கை, நம்பிக்கை! ஒன்று தானாக விழுந்தது. இன்னொன்றையும் நம்ப முடியாமல் 2016 நவம்பர் 2-ஆம் தேதி வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

அந்தக் கட்டடத்துக்கும் சி.எம்.டி.ஏ. அனுமதி இருந்தது. இதைத்தான் அந்தப் பையனிடம் சொல்லியிருக்க வேண்டும். திட்ட அனுமதி என்பது முக்கியமாக மனையின் அளவு, ரோட்டின் அகலம், சுற்றிலும் விடவேண்டிய இடம், எத்தனை மாடி என்பதைப் பார்த்துக் கொடுப்பது. தூண் பாரம் தாங்குமா என்பதற்குக் கட்டுகிறவரும் அவர் அமர்த்திய பொறியாளரும்தான் பொறுப்பு. விழுந்த பிறகு கட்டியவர் தரப்பு இடியைக் கைகாட்டியது. அலுவலகம் கட்டியவரைக் கைகாட்டியது. அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி ஆர். ரகுபதி ஆணையம் விசாரித்த பிறகுதான் கட்டடத்திலேயே இருந்த குறைகள் விவரமாக வெளியே வந்தன. கோப்பில் எல்லோருடைய கையெழுத்தும் இருந்தது. பொறுப்பு மட்டும் யாரிடமும் இல்லை.

அதற்கும் பத்து வருடம் முன்னால், 2004 ஜூலை 16. கும்பகோணம். ஓலைக்கூரை தீப்பிடித்து 94 பிள்ளைகள் போனார்கள். ஆசிரியராக இருந்த யாரும் அந்தத் தேதியை மறக்க மாட்டோம். தனியார் பள்ளி என்றால் கட்டட உறுதிச் சான்று, உரிமச் சான்று, சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று என்று எத்தனை காகிதம்! எல்லாக் காகிதத்துக்கும் ஒரு கையெழுத்து உண்டு. மேலே ஏறிக் கூரையைப் பார்த்த கண் எத்தனை? தீர்ப்பு வர பத்து வருடம் ஆனது. 2014 ஜூலை 30-இல் 21 பேரில் 10 பேருக்குத் தண்டனை, 11 பேர் விடுதலை. 2017-இல் மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் பள்ளி நிறுவனரின் ஆயுள் தண்டனையை அவர் சிறையில் கழித்த காலமாகக் குறைத்தது. தண்டனை பெற்ற வேறு பலரை விடுவித்தது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் பெற்றவர்கள் கேட்கும் கேள்விக்கு அதில் பதில் இல்லை.

இப்போது என் கதை. இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

2005-ஆம் வருடம். நான் அப்போது ஒரு பள்ளியில் தலைமையாசிரியை. மழைக்காலத்துக்கு முன்னால், கட்டடங்கள், சுற்றுச்சுவர் எல்லாம் எப்படி இருக்கின்றன என்று கேட்டு ஒரு படிவம் வந்தது. மறுநாளே திருப்பி அனுப்ப வேண்டும். தேர்வுத்தாள் கட்டு ஒரு பக்கம், சத்துணவுக் கணக்கு ஒரு பக்கம். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் எல்லாக் கட்டத்திலும் ‘நல்ல நிலையில் உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மைதானத்துப் பின்பக்கச் சுவரைப் போய்ப் பார்க்கவில்லை.

ஐப்பசி அடைமழையில் ஒரு ராத்திரி அந்தச் சுவர் விழுந்தது. ராத்திரி என்பதால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காலையில் போய்ப் பார்த்தேன். பிள்ளைகள் மதியம் தட்டை வைத்துக்கொண்டு வரிசையாக உட்காரும் நிழல் முழுக்க செங்கல். அந்த வருடம் படித்தவர்களுக்குப் புதுச்சுவர் எழுப்பியது நினைவிருக்கும். "டீச்சர், சுவர் ஏன் விழுந்துச்சு?" என்று நீங்கள் கேட்டபோது, "மழைம்மா" என்று சொன்னேன். நானும் இடியைத்தான் கைகாட்டினேன். உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

எதைப் பேசினாலும், "எல்லாம் லஞ்சம் டீச்சர்" என்று முடித்துவிடுகிறீர்கள். லஞ்சம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு யாரும் ஒரு ரூபாய் கொடுக்கவில்லையே! அவசரம், அலுப்பு, ‘என்ன ஆகிவிடப் போகிறது’ என்ற நினைப்பு, இவையே போதுமானதாக இருந்தன. விபத்துக்குப் பிறகு யாரைப் பிடிப்பது என்று பத்து வருடம் தேடுவதைவிட, அதற்கு முன்பே யார் போய்ப் பார்த்தார் என்று கேட்பதுதான் நமக்குப் பாதுகாப்பு. ஒவ்வொரு கட்டடத்தின் வாசலிலும் தூணுக்குக் கணக்குப் போட்ட பொறியாளர் பெயர், வந்து சோதித்த அதிகாரி பெயர், சோதித்த தேதி மூன்றும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. பெயர் வெளியே தெரிந்தால் கால் தானாக மாடிப்படி ஏறும்.

நம்மாலும் சில காரியம் ஆகும். வீடு வாங்குகிறவர்கள் தமிழ்நாடு ரேரா இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். கட்டமைப்புப் பொறியாளர் யார் என்று கேளுங்கள். பணி நிறைவுச் சான்று இல்லாமல் குடியேறாதீர்கள். வீடு கையில் வந்த ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டியவர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்று 2016 ரேரா சட்டம் சொல்கிறது. அரசு அலுவலகம் பதில் சொல்லாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம்.

நம் ஊர் பூசலார் கதை உங்களுக்குத் தெரியும். கையில் காசில்லாமல் மனசுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டியவர். சின்ன வயதில் அதைப் பக்திக் கதையாக மட்டும் கேட்டேன். இப்போது வேறொன்று தோன்றுகிறது. யாரும் வந்து பார்க்க முடியாத கோயில் அது. அதற்கும் அவர் பொருள் சேர்த்து, தச்சர்களை வைத்து, அஸ்திவாரம் போட்டு, முறைப்படி ஒவ்வொன்றாகத்தான் கட்டினார். ஒரே நாளில் ‘நல்ல நிலையில் உள்ளது’ என்று மனசுக்குள் முடித்துவிடவில்லை.

உங்களில் பொறியாளர்கள் இருக்கிறீர்கள், வங்கியில், தாலுகா ஆபீஸில், நீதிமன்றத்தில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறீர்கள். என்னைப் போல ஆசிரியர் ஆனவர்களும் இருக்கிறீர்கள். நாளைக்கும் உங்கள் மேசைக்கு ஒரு படிவம் வரும். எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
திருநின்றவூர்