பங்கு ஏறினால் வேகம் குறைந்ததா?

திருவொற்றியூரிலிருந்து ஒரு கண்டெய்னர் லாரி சென்னைத் துறைமுகத்துக்குச் செல்கிறது. சாலையில் ஓட 40 நிமிடம், ஜீரோ கேட் வரிசையில் நிற்க 60 நிமிடம், ஆக 100 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். வரிசை 10 நிமிடமாகக் குறைந்தால் மொத்தம் 50 நிமிடமே. அப்போது சாலையின் பங்கு 40 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காடாக உயர்ந்துவிடும்! சாலை கெட்டுவிட்டதா? இல்லை, அங்கே அதே 40 நிமிடந்தான்.

கணிப்பொறி நிரல்களை ஒப்பிடும்போதும் இந்த மயக்கம் நேர்கிறது. லினக்ஸில் உள்ள 'பெர்ஃப்' என்னும் கருவி, நிரல் ஓடும்போது நொடிக்குப் பலமுறை எட்டிப் பார்த்து, எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று குறித்துக்கொள்ளும். நிரலைத் திருத்துமுன் ஒரு பதிவும் திருத்தியபின் ஒரு பதிவும் எடுத்து, 'பெர்ஃப் டிஃப்' என்று கட்டளை தட்டினால், ஒவ்வொரு பகுதியின் பங்கும் எவ்வளவு ஏறிற்று, இறங்கிற்று என்று அட்டவணை வரும்.

பங்கை அறிவது பயனுள்ளதே. பொதுவாக ஒரு நிரலின் 4 விழுக்காட்டுக்கும் குறைவான பகுதியே பாதிக்கு மேற்பட்ட நேரத்தை விழுங்குகிறது என்று, ஃபோர்ட்ரான் நிரல்களை ஆராய்ந்த டொனால்டு குனூத் 1971இல் எழுதினார். ஆனால் பங்கின் மாற்றம் வேறு, நேரத்தின் மாற்றம் வேறு. என் மாணவர் ஒருவர், ஏறிய எண்ணைக் கண்டு, குற்றமற்ற ஒரு பகுதியை இரண்டு நாள் திருத்திக்கொண்டிருந்தார். நிரலோ முன்னைவிட வேகமாகவே ஓடியது!

கருவியை இயக்கக் கற்பித்தால் போதாது. எண்ணைப் படிக்கவும் கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஊசலின் அலைவு நேரத்தை ஒருமுறை அளந்து முடிவு சொல்வோமா? இங்கும் அப்படியே. அதே கணிப்பொறியில், அதே உள்ளீட்டுடன், பலமுறை ஓட்டுங்கள். முதலில் மொத்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு பங்குகளைப் பாருங்கள். விழுக்காடு என்று எங்கே கண்டாலும், "எதில்?" என்று கேட்கத் தவறாதீர்கள்.